ஜமக்காளம் பேசுகிறது, வெப்சைட் பேசவில்லை

பவானி பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்றார். ஆள் தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இது.

புகுந்த வீட்டில் மூன்று தலைமுறையாக ஜமக்காளத் தொழில். சொந்தத் தறி, கூலிக்கு நெய்கிறவர்களின் தறி எல்லாம் சேர்த்து 18 குழித்தறி. கோவையில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த இவர், குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டார். 2021-ல் கணவரின் நண்பரைப் பிடித்து 22,000 ரூபாய்க்கு ஒரு வெப்சைட் போட்டார். முதல் பக்கத்தில் ஐந்து படங்கள் மாறி மாறி ஓடும். 'எங்களைப் பற்றி' பக்கத்தில், மாமனார் சொல்லச் சொல்ல டி.டி.பி. கடையில் அடித்த குடும்ப வரலாறு இருக்கிறது. மாதம் மூவாயிரம் 'விசிட்' என்று வெப்சைட்டை வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் கணக்கு காட்டுகிறது. ஆர்டரோ மாதத்துக்கு நான்கு, ஐந்து. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் செய்ததில் 40,000 ரூபாய் போனதுதான் மிச்சம்.

இப்போது ஒரு மார்க்கெட்டிங் நிறுவனம் 1,85,000 ரூபாய்க்கு ஒரு பேக்கேஜ் கொடுத்திருக்கிறது. புது டிசைன், மாதம் 30 கட்டுரை, மூன்று மாதத்தில் கூகுளில் முதலிடம் 'கேரண்டி', வாங்குகிறவரை அவசரப்படுத்த 'இன்னும் 2 மட்டுமே' என்று ஓடும் கடிகாரம், தொடக்கத்துக்கு 50 நல்ல ரிவ்யூ. நகையை அடகு வைத்து இதைச் செய்யலாமா என்பது இவரது கேள்வி. "ஜமக்காளத்தைத் தொட்டுப் பாக்காம எவன் வாங்குவான்?" என்பது மாமனாரின் கேள்வி. கூடவே அவருக்கு ஓர் ஆசை: வெப்சைட் திறந்ததும் நாதஸ்வரம் ஒலிக்க வேண்டுமாம். கடிதத்தின் அடியில், ஏதோ ஞாபகம் வந்து சேர்த்த மாதிரி ஒரு வரி: டொமைனை, அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயரை, புதுப்பிக்கும் தேதி அடுத்த மாதம் வருகிறது, அந்த நண்பர் இப்போது துபாயில், போனை எடுப்பதில்லை.

அன்புள்ள சகோதரிக்கு,

நகையை வைக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைசி வரிக்குக் கடைசியில் வருகிறேன், ஆனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்.

உங்கள் வெப்சைட்டை நான் கம்ப்யூட்டரில் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பஸ்ஸில் போகும்போது போனில் திறந்தேன், உங்கள் வாடிக்கையாளரும் அப்படித்தான் பார்ப்பார். முதல் படம் வந்து சேர்வதற்குள் கண்டக்டர் எனக்கு டிக்கெட் கொடுத்து, சில்லறை பாக்கியை டிக்கெட்டின் பின்னால் எழுதியும் கொடுத்துவிட்டார். படத்தின் மேல் 'எங்கள் இணையதளத்துக்கு அன்புடன் வரவேற்கிறோம்', 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று இரண்டு வரிகள். ஜமக்காளம் எத்தனை அடிக்கு எத்தனை அடி? தெரியவில்லை. விலை? அந்தப் பக்கத்தில் 'தொடர்புகொள்ளவும்' மட்டும்தான். சரி, தொடர்புகொள்ளலாம் என்றால் போன் நம்பர் பக்கத்தின் அடியில் ஒரு படத்துக்குள் இருக்கிறது, தொட்டால் கால் போகாது. அதை மனப்பாடம் செய்துதான் அடிக்க வேண்டும்.

டிசைன் பழசாகிவிட்டதால் விற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியில்லை. கடைக்கு வந்தவரிடம் உங்கள் மாமனார் பேசுகிற பேச்சில் பத்தில் ஒரு பங்கைக்கூட இந்த வெப்சைட் பேசவில்லை. வாயைத் திறக்காத ஆளுக்குப் புதுச் சட்டை மாட்டுவதற்கு 1,85,000 ரூபாய் கேட்கிறார்கள்.

அப்புறம் அந்த மூவாயிரம் விசிட். ஹோஸ்டிங் பேனல் காட்டும் கணக்கில் மனிதர்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். தேடுபொறிகளின் நிரல்களும், எங்கே பூட்டு திறந்திருக்கிறது என்று ஊர் சுற்றும் நிரல்களும், உங்கள் வீட்டுக்காரர் தினம் திறந்து பார்ப்பதும் அதில் சேர்த்திதான். கூகுள் அனலிட்டிக்ஸ், சர்ச் கன்சோல் இரண்டையும் போடுங்கள். இரண்டும் இலவசம். எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று முதலாவது காட்டும். எந்தச் சொல்லைத் தேடும்போது உங்கள் பக்கம் தென்படுகிறது என்று இரண்டாவது காட்டும். நிஜ எண்ணிக்கை முந்நூறு என்று தெரியவந்தாலும் கலங்காதீர்கள். முந்நூறு பேருக்கு நாலைந்து ஆர்டர் என்றால் அது மோசமான கணக்கே இல்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு

எனக்குத் தெரிந்த வரையில் வெப்சைட் உள்ளடக்கத்தைத் திட்டமிட இதைவிட நல்ல கருவி கிடையாது. வீட்டு போன் பக்கத்தில் ஒரு நோட்டை வையுங்கள். மூன்று வாரம், வருகிற ஒவ்வொரு அழைப்பிலும் வாட்ஸ்அப் செய்தியிலும் அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். அதைத் திருத்தி அழகான தமிழாக்காதீர்கள். 'பத்து பேர் உக்கார என்ன சைஸ் வேணும்?', 'சாயம் போகுமா?', 'வாஷிங் மெஷின்ல போடலாமா?', 'மண்டபத்துக்கு முப்பது வேணும், எத்தனை நாள்ல கிடைக்கும்?', 'பெங்களூருக்கு அனுப்புவீங்களா, எவ்வளவு ஆகும்?', 'இது நிஜமாவே கைத்தறியா?' இப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

மூன்று வாரம் கழித்து நோட்டைப் புரட்டினால் ஒரே கேள்வி எட்டு பேர், பத்து பேர் கேட்டிருப்பது தெரியும். அதிகம் கேட்கப்பட்டது முதல் பக்கத்தில் மேலே வர வேண்டும். மற்றவை அந்தந்தப் பொருளின் பக்கத்துக்குப் போக வேண்டும். பதிலை நீங்கள் எழுத வேண்டாம். மாமனாரைப் பேசவிட்டு போனில் பதிவு செய்து, அப்படியே எழுத்தாக்குங்கள். சாயத்தைப் பற்றி அவர் சொல்கிற நாலு வரிக்கு ஈடாக எந்த ஏஜென்சியும் எழுதிவிட முடியாது.

இன்னொன்றும் நோட்டில் தெரியும். உங்களிடம் வருகிறவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. வீட்டுக்கு ஒன்று வாங்குகிறவர் நிறத்தையும் துவைப்பதையும் கேட்பார். மண்டபத்துக்காரரும் பஜனை மடத்துக்காரரும் எண்ணிக்கை, தேதி, பில் கேட்பார்கள். சீர்வரிசைக்கு வாங்குகிறவர் பார்டரையும் பேக்கிங்கையும் கேட்பார். மூன்று பேருக்கும் மூன்று பக்கம் வேண்டும். நீங்கள் செய்த 40,000 ரூபாய் விளம்பரம் எல்லோரையும் கொண்டுபோய் அந்த வரவேற்புப் படத்தின் முன்னால் நிறுத்தியது. மண்டபத்துக்கான விளம்பரம் மண்டபப் பக்கத்தில்தான் இறங்க வேண்டும். பணம் போன வழி இதுதான், ஃபேஸ்புக்கில் ஜமக்காளம் விற்காது என்பதால் இல்லை.

அனுப்பும் செலவைக் கடைசியில் சொல்லாதீர்கள்

ஜமக்காளம் கனமான பொருள். இப்போது உங்கள் தளத்தின் உள்ளே போய் விலையைத் தேடிப் பார்த்து, முகவரியெல்லாம் அடித்து, பணம் கட்டும் இடத்துக்கு வந்த பிறகுதான் கூரியர் செலவு தெரிகிறது. அந்த இடத்தில் நானே வெளியே வந்துவிட்டேன். வாடிக்கையாளரை ஏமாற்றும் டிசைன் உத்திகள் என்று 13 வகைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்களில் பட்டியலிட்டிருக்கிறது. முழு விலையை முதலில் சொல்லாமல் கடைசியில் சொல்வது அதில் ஒன்று. உங்களுக்கு அந்த எண்ணம் இருந்திருக்காது, தெரியாமல் நடந்திருக்கும். ஒவ்வொரு அளவுக்கும் எடை, தமிழ்நாட்டுக்குள் இவ்வளவு, வெளி மாநிலத்துக்கு இவ்வளவு என்று விலைக்குப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். அனுப்பும் செலவைச் சேர்த்தே ஒரே விலையாகச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது.

அந்தப் பட்டியலிலேயே போலி அவசரமும் இருக்கிறது. உங்களுக்கு விற்கப் பார்க்கும் 'இன்னும் 2 மட்டுமே' கடிகாரம் சாட்சாத் அதுதான். நிஜமாகவே இரண்டுதான் இருக்கிறதென்றால் தாராளமாகப் போடுங்கள். தறியில் அடுத்தது ஏறிக்கொண்டிருக்கும்போது போடாதீர்கள். 50 ரிவ்யூ இன்னும் ஆபத்து. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகள், விற்கிறவரே வாங்கியவர் போல் வேடமிட்டு மதிப்புரை எழுதுவதைத் தடுக்கின்றன. அது சட்டம். சட்டம் போகட்டும், அந்த ஐம்பதையும் ஒரே ஆள் ஒரே மாலையில் எழுதியிருப்பார், 'சூப்பர் குவாலிட்டி, ஃபாஸ்ட் டெலிவரி' என்று. படிக்கிறவருக்குத் தெரியாதா? உங்களிடம் வாங்கிய மண்டபத்துக்காரர்களில் ஐந்து பேரைக் கேட்டு, அவர்கள் விரித்து வைத்திருக்கும் படத்தோடு ஐந்து வரி வாங்குங்கள். அதுவே போதும்.

அதே விதிகளின்படி நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு எண், திருப்பி எடுக்கும் நிபந்தனை, புகார் கேட்கும் அலுவலரின் பெயர் எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உங்கள் வீட்டில் புகார் அலுவலர் வேறு யார், நீங்கள்தான்.

பவானி என்ற பெயர்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் ஆச்சரியப்படுத்தியது, இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாததுதான். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊரின் பெயரோடு சேர்ந்த பொருளுக்குச் சட்டம் தரும் அடையாளம், கிடைத்துச் சுமார் இருபது வருடம் ஆகிறது. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கிய 11 வகைகளில் ஜமக்காளமும் ஒன்று. இருந்தும் விசைத்தறியில் ஓட்டியதைப் பவானி என்று சொல்லி விற்கிறார்கள் என்ற புலம்பலை உங்கள் ஊரில் எந்த டீக்கடையிலும் கேட்கலாம். வாங்க நினைக்கிறவருக்கும் அதே சந்தேகம்தான். விலை குறைவான ஒன்று பக்கத்திலேயே கிடைக்கும்போது உங்களுடையதை ஏன் வாங்க வேண்டும்? இதற்கு உங்கள் வெப்சைட்டில் பதில் இல்லை. 'தரமே தாரக மந்திரம்' என்று விசைத்தறிக்காரரும் போடலாம்.

குழித்தறியில் கால் இறக்கி உட்கார்ந்திருக்கும் நெசவாளியின் படம், அவர் சம்மதத்தோடு. ஒரு ஜமக்காளம் நெய்ய எத்தனை நாள் ஆகிறது என்ற கணக்கு. கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து மாமனார் கையால் காட்டும் இரண்டு நிமிட வீடியோ. மாதம் 30 கட்டுரைக்குப் பதில் இந்த ஒரு வீடியோவை எடுங்கள். தொட்டுப் பார்க்காமல் எவன் வாங்குவான் என்கிறார் இல்லையா? தொட்டுப் பார்க்கிறவர் எதைத் தேடித் தொடுவார் என்பதை அவர்தான் காட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. புவிசார் குறியீட்டு முத்திரையைத் தளத்தில் போடுவதற்கு முன், அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று உங்கள் பெயரிலோ மாமனார் பெயரிலோ பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஊரில் தொழில் செய்வதாலேயே அந்த உரிமை தானாக வந்துவிடாது. பதிவு இல்லையென்றால் சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் விண்ணப்பிக்கலாம். கைத்தறி முத்திரையும் அப்படித்தான், முறைப்படி வாங்கிய பிறகுதான் போட வேண்டும்.

தமிழ் எழுத்து, படமாகப் போன கதை

குடும்ப வரலாற்றை டி.டி.பி. கடையில் பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். அதை வெப்சைட்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்திருக்கும், அதனால் உங்கள் நண்பர் அதைப் படமாக மாற்றிப் போட்டுவிட்டார். கண்ணுக்குத் தமிழ். கூகுளுக்கு அது ஏறக்குறைய வெறும் படம். அந்தக் கோப்பை, எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, அரை மணி நேர வேலை. விலைப் பட்டியலும் அப்படித்தான் படமாக இருக்கிறது, அதையும் எழுத்தாக்குங்கள்.

தமிழா ஆங்கிலமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டும், தனித்தனிப் பக்கமாக. தமிழ் பேசுகிறவர்களே 'பவானி ஜமக்காளம் விலை' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுவது சாதாரணம். சர்ச் கன்சோல் வந்ததும் அதை நீங்களே பார்ப்பீர்கள். அதற்காக ஒரே சொல்லை இருபது இடத்தில் திணிக்க வேண்டாம். பக்கத்தின் பின்னால் மறைவாகக் குறிச்சொல் பட்டியல் எழுதித் தருவதாகவும் பேக்கேஜில் இருக்கிறது. தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. இன்னும் அதற்குக் காசு வாங்குகிறார்கள்! முதலிடம் யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்பதும் கூகுளே எழுதி வைத்திருப்பதுதான். எழுத்து வடிவில் கேரண்டி கேளுங்கள், பேச்சு எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

டிசைன்

இதில் சொல்ல அதிகமில்லை. ஓடும் ஐந்து படத்தை எடுத்துவிட்டு ஒரே படம் வையுங்கள், ஜமக்காளத்தின் மேல் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அளவு புரிய அதைவிட நல்ல வழி இல்லை. உங்கள் படங்கள் ஒவ்வொன்றும் கேமராவிலிருந்து எடுத்தது எடுத்தபடியே 5, 6 எம்.பி. இருக்கின்றன. சுருக்கிப் போடுங்கள். பக்கத்தின் முக்கியமான படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற அதன் கருவியில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் எந்தப் படம் இழுக்கிறது என்று அதுவே சொல்லும்.

வாட்ஸ்அப் பட்டன் கட்டைவிரல் எட்டும் இடத்தில், எல்லாப் பக்கத்திலும் இருக்கட்டும். அதில் செய்தியை முன்கூட்டியே நிரப்பி வைக்கலாம்: 'மண்டப ஜமக்காளம் பக்கம் பார்த்தேன், விலை வேண்டும்.' வாடிக்கையாளருக்கும் சுலபம், எந்தப் பக்கம் வேலை செய்கிறது என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

நாதஸ்வரத்தைப் பற்றி மாமனாரிடம் என் சார்பில் சொல்லுங்கள்: வேண்டாம் என்பது நான் மட்டுமல்ல. பயனர் எதையும் தொடாமல் பக்கம் தானாகச் சத்தம் எழுப்புவதைக் குரோம் போன்ற பிரவுசர்களே பொதுவாகத் தடுத்துவிடுகின்றன. வீடியோவில் பின்னணியாக வைத்துக்கொள்ளலாம், தறிச் சத்தம் கேட்கிற அளவுக்கு மெதுவாக.

இப்போது என்ன செய்யலாம்

உங்கள் முன்னால் மூன்று வழி இருக்கிறது. வெப்சைட்டே வேண்டாம் என்று விட்டுவிட்டு, வாட்ஸ்அப் பிசினஸ் கேட்லாக், கூகுள் பிசினஸ் பக்கம் இரண்டை மட்டும் வைத்து ஓட்டலாம். செலவில்லை. மண்டப ஆர்டருக்கு இதுவே பெரும்பாலும் போதும். ஆனால் அந்த நிறுவனங்கள் விதியை மாற்றினால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. கூகுள் பிசினஸ் பக்கத்தோடு இலவசமாகக் கிடைத்த வெப்சைட்டுகளை 2024 மார்ச்சில் மூடியபோது, அதை மட்டுமே நம்பியிருந்த பல சின்னக் கடைகளின் முகவரி போய்விட்டது. இரண்டாவது, முழுதாகப் புதிதாகக் கட்டுவது. அது தவறில்லை, இப்போது சீக்கிரம். என்ன எழுதுவது என்று தெரியாமல் டிசைன் செய்தால், எழுத்தை டிசைனுக்கு ஏற்றபடி வெட்டுவார்கள்.

நான் சொல்வது மூன்றாவது. இருப்பதைச் சரிசெய்யுங்கள். படம் சுருக்குவது, யூனிகோடு, மூன்று பக்கம், கூரியர் விலை, வாட்ஸ்அப் பட்டன் எல்லாம் ஊரில் இருக்கும் ஒரு நல்ல ஃப்ரீலான்ஸருக்கு இரண்டு மூன்று வார வேலை. ஆடியில் வியாபாரம் மந்தமாக இருக்கும்போது முடித்துவிட்டால் ஆவணி முகூர்த்தத்துக்குத் தயார். ஆவணியிலிருந்து தை வரை, போன் செய்கிற ஒவ்வொருவரிடமும் 'எங்கே பார்த்தீங்க?' என்று கேட்டு அதே நோட்டில் குறியுங்கள். ஆர்டர் கூடினால், அந்த லாபத்தில் புதிதாகக் கட்டுவதைப் பற்றிப் பேசலாம். அப்போது ஏஜென்சிக்காரர் வந்தால் பழைய பக்கங்களின் முகவரியைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடுவார்களா, எழுத்து, டிசைன், நிரல் எல்லாவற்றின் உரிமையையும் உங்கள் பெயருக்கு எழுதிக் கொடுப்பார்களா என்று ஒப்பந்தத்திலேயே கேளுங்கள். வெளியாளிடம் காசு கொடுத்துச் செய்துகொண்டால் காப்புரிமை தானாக நமக்கு வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். எழுத்தாக வாங்கினால்தான் நிச்சயம்.

அந்தக் கடைசி வரி

டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? இன்று ராத்திரியே பாருங்கள். எந்த நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறது, காலாவதித் தேதி எது என்று காட்டும் தேடல் வசதி இணையத்தில் இருக்கிறது. உரிமையாளர் பெயர் மறைக்கப்பட்டிருந்தால் 2021-ல் பணம் கட்டிய ரசீது, வந்த ஈமெயில் எதையாவது தேடி எடுங்கள். நண்பரின் கணக்கில் இருந்தால், புதுப்பிக்காமல் விட்டால் தளமும் போகும், அந்த முகவரியில் இருக்கும் ஈமெயிலும் போகும். விசிட்டிங் கார்டிலும் பையிலும் அச்சடித்த பெயரை வேறு யாராவது எடுத்துக்கொள்ளவும் கூடும். சில பதிவு நிறுவனங்களில் கணக்குக்குள் நுழையாமலே, யார் வேண்டுமானாலும் புதுப்பிக்கும் பணத்தைக் கட்ட முடியும். வாடிக்கையாளர் சேவையில் கேட்டு முதலில் ஒரு வருடத்துக்குக் கட்டிவிடுங்கள். கட்டினால் மட்டும் அது உங்களுடையதாகிவிடாது, மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

அந்த அவகாசத்தில் துபாய் நண்பரிடம் பேசி, மாற்றுவதற்கான ரகசிய எண்ணை வாங்கி உங்கள் பெயரில் ஒரு கணக்குக்கு மாற்றுங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் எடுக்காமலிருக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். வெள்ளிக்கிழமை சாயங்காலம், உங்கள் வீட்டுக்காரர் போனிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள்.